எதெம்மு: பேயா, ஆவியா, பிதுரா? பழைய மெசபடோமியாவின் இறந்தோர் குறித்து

வழித்துணை:
அக்காடிய மொழியில் "எதெம்மு", சுமேரியத்தில் "கிடிம்". இதைத் தமிழில் என்னவென்று சொல்வது? பார்க்கும் இடமெல்லாம் "பேய்" என்றே எழுதுகிறார்கள். ஆனால் மகன் தன் தகப்பனுடைய எதெம்முவுக்குத் தண்ணீர் ஊற்றுகிறான், ரொட்டி வைக்கிறான், காய்ச்சல் வந்தால் உதவிக்கும் கூப்பிடுகிறான். பேய்க்கு யார் இதையெல்லாம் செய்வார்கள்?

இன்னொன்று. "கிஸ்பு" என்கிற அந்தப் படையல் ஒரு சாதாரண வீட்டில் எப்படி நடந்தது என்று படிப்படியாகத் தெரிய வேண்டும். யார் செய்வது, எந்த நாளில், எந்த அறையில்?

நாணற்கோல்:
"பேய்" வேண்டாம். மனிதப் பிறவியே எடுக்காத தீய சக்திகளுக்கு அவர்களிடம் வேறு பெயர்கள் உண்டு. பச்சிளம் குழந்தைகளைக் கொல்லும் லமாஷ்து வானக் கடவுள் அனுவின் மகள்; எந்தக் கல்லறையிலிருந்தும் எழுந்து வந்தவள் இல்லை. அவளை விரட்டக் கூப்பிடப்படும் பசூசுவும் அப்படித்தான். எதெம்மு என்றால் ஒரு காலத்தில் பெயரும் வீடும் இருந்த ஆள்.

அத்ரஹாசிஸ் காவியம் இதை மனிதனின் படைப்போடேயே சேர்த்துச் சொல்கிறது. நமக்குக் கிடைத்த முக்கியமான படி, பாபிலோன் மன்னன் அம்மி-சதுக்கா காலத்தில் இபிக்-அயா என்ற எழுத்தர் எடுத்தது, கி.மு. 17ஆம் நூற்றாண்டு. கடவுளர்களுக்குக் கால்வாய் வெட்டி அலுத்துப் போகிறது. தங்கள் வேலையைச் சுமக்க ஓர் ஆள் வேண்டும் என்று ஒரு கடவுளையே கொன்று, அவன் தசையையும் இரத்தத்தையும் களிமண்ணில் பிசைகிறார்கள். அந்தக் கடவுளிடம் "தேமு" இருந்தது, அதாவது புத்தி. "எதெம்மு" என்ற சொல்லுக்குள் அந்தத் "தேமு" கேட்கும்படி புலவர் அமைத்திருக்கிறார். கொல்லப்பட்டவன் பெயரில் உள்ள "வே", கடவுளைக் குறிக்கும் "இலு" இரண்டும் சேர்ந்து "அவீலு", மனிதன். அவன் மறக்கப்படாமல் இருக்க எதெம்மு இருக்கட்டும் என்கிறது அந்த வரி. எதெம்முவின் வேலையே நினைவில் இருப்பதுதான். அதை விட்டுவிட்டு மொழிபெயர்த்தால் பாதிப் பொருள் போய்விடும்.

பனையோலை:
நாணற்கோல் ஐயா, கோடு அவ்வளவு நேராக ஓடவில்லையே. கில்காமேஷ் காவியத்தின் 12ஆம் களிமண் பலகையில், சூரியக் கடவுள் நிலத்தில் ஓட்டை திறக்க, அதன் வழியே கில்காமேஷின் தோழன் என்கிடு கீழுலகிலிருந்து காற்றுப்போல் வெளியே வருகிறான். அந்த இடத்தில் அக்காடியப் பாடம் "உதுக்கு" என்றல்லவா சொல்கிறது? உதுக்கு என்பது விரட்ட வேண்டிய தீய சக்தியின் பெயராயிற்றே.

நாணற்கோல்:
சரியான திருத்தம், ஏற்றுக்கொள்கிறேன். அங்கே "உதுக்கு"தான் இருக்கிறது. அதே பலகையின் கடைசியில், கவனிப்பார் இல்லாதவனைப் பற்றிப் பேசும்போது "எதெம்மு" வருகிறது. ஆக, ஒரே பலகைக்குள் இரண்டு சொல். எதெம்மு எப்போதும் மனிதனாக இருந்ததுதான். உதுக்கு இரண்டு பக்கமும் போகும். கல்யாணம் ஆகாமலே செத்த பெண்ணான "அர்தத் லிலீ" இந்த எல்லைக்கோட்டில் நிற்பவள். மனுஷியாகப் பிறந்தவள், நடத்தையிலோ இரவில் ஆண்களைத் தேடி வரும் சக்தி.

சுடுமண்:
கிஸ்பு பற்றிக் கேட்டதற்கு வருகிறேன். வேர்ச்சொல்லே செய்முறையைச் சொல்லிவிடுகிறது. "கசாபு" என்றால் ரொட்டியைச் சிறு துண்டுகளாகப் பிய்ப்பது.

நாள்: நிலவு கண்ணுக்குத் தெரியாமல் போகும் மாதக் கடைசி நாள், "புப்புலு". சிரியாவின் மாரி நகர அரண்மனையில் இன்னும் நெருக்கமாக, மாதத்தின் 1ஆம் நாளும் 16ஆம் நாளும். இதற்கென்று ரொட்டியும் எண்ணெயும் கொடுத்த கணக்குப் பலகைகள் அங்கே கிடைத்திருக்கின்றன. ஆண்டுக்கு ஒருமுறை ஆபு மாதத்தில் (ஜூலை–ஆகஸ்ட்) பெரிய அளவில் நடக்கும். அந்த மாதக் கடைசியில் இறந்தோர் மேலே வந்து திரும்புவதாக நம்பிக்கை.

இடம்: "ஊர்" என்றே பெயர் கொண்ட சுமேரிய நகரத்தில் 1922 முதல் 1934 வரை லெனார்ட் வூலி தோண்டிய பழைய பாபிலோனிய வீடுகளில், பின்பக்க அறை ஒன்று வழிபாட்டு அறையாக இருக்கும். சுவரோரம் செங்கல் மேடை. தரைக்கு அடியில் செங்கல்லால் வளைவுக் கூரை போட்ட கல்லறை. குடும்பத்தில் அடுத்த சாவு விழும்போது வாசலைத் திறந்து, பழைய எலும்புகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு, புதிய உடலை வைத்து மறுபடி அடைப்பார்கள். கைக்குழந்தைகளைப் பானையில் வைத்து அதே அறையில் புதைத்தார்கள்.

செய்முறை மூன்று வினைச்சொற்களில் அடங்கும்: பெயர் சொல்வது, ரொட்டி பிய்த்து வைப்பது, தண்ணீர் ஊற்றுவது. தண்ணீர் குளிர்ந்ததாக இருக்க வேண்டும் என்பதில் நூல்கள் கறாராக இருக்கின்றன. கீழே இருப்பவர்களுக்குத் தூசியே சாப்பாடு, களிமண்ணே ரொட்டி, குடிக்கக் கிடைப்பது கலங்கல். தண்ணீரை நிலத்துக்குள் இறக்குவதற்குச் சுடுமண் குழாய் உண்டு, பெயர் "அரூத்து".

இவ்வளவையும் முறைப்படி செய்யக் கடமைப்பட்டவர் "பாகிது", கவனிப்பவர். வழக்கமாக மூத்த மகன். நிப்பூர் நகரத்துப் பாகப்பிரிவினைப் பலகைகளில் மூத்தவனுக்கு வழிபாட்டு மேசை தனியாக ஒதுக்கப்படுவதைப் பார்க்கலாம். உரிமையும் பொறுப்பும் ஒரே பொருளில் கைமாறுகிறது.

ஒரு எச்சரிக்கை: எல்லோரும் வீட்டுக்குள்தான் புதைத்தார்கள் என்று எழுதிவிடாதீர்கள். அதே ஊர் நகரத்தின் அரச இடுகாட்டில் மட்டும் 1,800க்கும் மேற்பட்ட குழிகள், அவை கி.மு. மூன்றாம் ஆயிரமாண்டைச் சேர்ந்தவை.

வழித்துணை:
மிக்க நன்றி. மகன் இல்லாத வீட்டில் என்ன செய்வார்கள்? தலைமுறைகள் ஓடிப் பெயர்கள் மறந்துபோனால்?

நாணற்கோல்:
மகன் கணக்கை 12ஆம் பலகையே போடுகிறது. கில்காமேஷ் கேட்க, கீழே பார்த்ததை என்கிடு சொல்கிறான். ஒரு மகனைப் பெற்றவன் சுவரில் அடித்த முளையைப் பார்த்து அழுகிறான். இரண்டு பெற்றவன் இரண்டு செங்கல்மேல் உட்கார்ந்து ரொட்டி தின்கிறான். மூன்று பெற்றவனுக்குத் தோல்பையில் தண்ணீர் கிடைக்கிறது. இப்படியே ஏறி, சுமேரியப் பாடத்தில் ஏழு மகன்களைப் பெற்றவன் சிறு தெய்வங்களோடு சரிசமமாக அமர்கிறான். தீயில் எரிந்துபோனவன் கீழே இல்லவே இல்லை, அவன் புகையாக வானத்துக்குப் போய்விட்டான் என்றும் சுமேரியப் பாடம் சொல்கிறது. எரியூட்டுவதே முறையான சடங்காக இருக்கும் நமக்கு இந்த இடம் உறுத்தும். அவர்கள் பார்வையில் எரிந்தவனுக்குத் தண்ணீர் ஊற்ற ஓர் இடமே இல்லாமல் போகிறது, அதனால்தான் அது கொடுமை.

பட்டியலின் அடிமட்டத்தில் பாகிது இல்லாதவன். சட்டியில் ஒட்டியதைச் சுரண்டித் தின்கிறான், தெருவில் எறிந்த ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குகிறான். "துணுக்கு" என்பதற்கு அங்கே வரும் அக்காடியச் சொல், "கிஸ்பு" பிறந்த அதே "கசாபு" வேரிலிருந்து வந்தது. பிய்த்த ரொட்டி அவனுக்கும் கிடைக்கிறது. அவன் பெயரைச் சொல்லி யாரும் பிய்க்கவில்லை. இந்த நயத்தைத் தமிழில் கொண்டுவர வேண்டுமானால் கிஸ்புவுக்கும் துணுக்குக்கும் "பிய்த்தல்" என்ற ஒரே வினையை வைத்துப் பாருங்கள்.

மகன் இல்லாதவர்கள் தத்தெடுத்தார்கள். சிரியாவின் எமார் நகரில், கி.மு. 13ஆம் நூற்றாண்டு ஒட்டிய உயில்களில் இன்னொரு வழி தெரிகிறது. தகப்பன் தன் மகளைச் "பெண்ணாகவும் ஆணாகவும்" சட்டப்படி ஆக்குகிறான். குடும்பத் தெய்வங்களையும் இறந்தோரையும் அவள் பெயர் சொல்லி அழைக்கலாம், சொத்தும் அவளுக்கு.

பெயர் மறந்துபோவதற்கும் ஏற்பாடு இருந்தது. அம்மி-சதுக்காவின் கிஸ்புவுக்காக எழுதிய பலகை ஒன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது, 1966இல் பதிப்பாயிற்று. மன்னனின் முன்னோர் பெயர்களை வரிசையாகச் சொல்லி முடித்துவிட்டு, "இந்தப் பலகையில் எழுதப்படாத வம்சம்" என்று ஒரு கதவைத் திறக்கிறது. அப்புறம் தன் தலைவனுக்காகப் போரில் விழுந்த வீரன், இளவரசர்கள், இளவரசிகள், கிழக்கிலிருந்து மேற்கு வரை கவனிப்பாரும் தேடுவாரும் இல்லாத எல்லோரும். வாருங்கள், இதைத் தின்னுங்கள், இதைக் குடியுங்கள், மன்னனை வாழ்த்துங்கள். கேட்பாரற்ற அத்தனை பேரையும் ஒரே பந்தியில் உட்கார வைக்கிறான். மெசபடோமிய நூல்களில் இதைவிட மனதைத் தொடும் பலகை எனக்குத் தெரியாது.

மருந்துரல்:
பந்தியில் இடம் கிடைக்காதவர்கள் எங்கே போவார்கள் என்பதற்கு மருத்துவப் பலகைகளில் பதில் இருக்கிறது. கி.மு. 11ஆம் நூற்றாண்டில் பாபிலோனிய அறிஞர் எசகில்-கின்-அப்லி ஒழுங்குபடுத்திய நோய்க்குறி நூல் 40 பலகைகள் கொண்டது. அதில் நோய்க்குக் காரணமாகத் திரும்பத் திரும்ப வருவது "காத் எதெம்மி", எதெம்முவின் கை. நெற்றிப்பொட்டு வலி, கழுத்துப் பிடிப்பு, காது இரைச்சல், உளறல் போன்றவை இதன் அடையாளங்கள். வலிப்பு நோய்ப் பகுதியில் "எதெம்முவின் பதிலாள்" என்றே ஒரு வகை இருக்கிறது.

காது இரைச்சலுக்கான ஒரு வைத்தியம்: வெள்ளைப்போளத்தை அரைத்துக் கம்பளிப் பஞ்சில் உருட்டு, தேவதாருப் பிசினில் நனை, மந்திரம் சொல், காதுக்குள் வை. இன்னொன்று புகை: முள்மரக் கரித்தணலில் மருந்தைப் போட்டுக் காதுக்குப் புகை காட்டுவது. மந்திரத்தையும் மருந்தையும் பிரித்து, ஒன்று மூடநம்பிக்கை, மற்றது மருத்துவம் என்று பார்த்தால் பலகை புரியாது. காது என்பது எதெம்மு நுழையும் வாசல். அடைப்பும் புகையும் அந்த வாசலுக்கு. நோயாளி படுக்கையைச் சுற்றி மாவால் வட்டம் இடுவதும் ("ஜிசுர்ரூ") இதே கணக்கில்தான்.

விரட்டுபவர் "ஆஷிபு". அவருக்கு முதல் சிக்கல், வந்திருப்பது யார் என்று தெரியாதது. பெயர் தெரியாமல் ஆணையிட முடியாது. ஆகவே மந்திரம் சாத்தியமான எல்லாரையும் அடுக்கும்: புதைக்கப்படாதவனா, வெளியில் எறியப்பட்டவனா, தண்ணீரில் செத்தவனா, பேரீச்சமரத்திலிருந்து விழுந்தவனா, பேறுகாலத்தில் போனவளா, உன்னோடு ஒருநாள் நான் சாப்பிட்டிருக்கிறேனா, ஒரே எண்ணெய் பூசியிருக்கிறேனா? "உதுக்கு லெம்னூத்து" (தீய உதுக்குகள்) என்ற 16 பலகைத் தொகுப்பில் இப்படிப் பக்கம் பக்கமாக வரும். ஏதோ இலக்கிய நீட்டல் என்று மொழிபெயர்ப்பாளர்கள் இதைச் சுருக்குகிறார்கள். தயவுசெய்து சுருக்காதீர்கள். ஒரு வகை விட்டுப்போனால் அந்த வகைக்காரன் வெளியேற மாட்டான்.

பிடிமானமும் சாப்பாடுதான். போகும் வரை உனக்கு ரொட்டி இல்லை, தண்ணீர் இல்லை என்று மிரட்டு. போகிறவனுக்குக் கட்டுச்சோறு கொடு. களிமண்ணில் உருவம் செய்து, வழிச்செலவுக்கு மாவு, தண்ணீர் என்று கொடுத்துப் புதைப்பார்கள். வெறுங்கையோடு அனுப்பினால் பசித்தவன் திரும்பி வருவான்.

பனையோலை:
"உலகின் முதல் பேய்ப் படம்" என்று 2021இல் செய்தியில் அடிபட்ட பிரிட்டிஷ் அருங்காட்சியகப் பலகை இந்த வகையா? 2014இல் வந்த ஆய்வுக் கட்டுரை ஒன்று, அசீரியப் பலகைகளில் வரும் எதெம்மு தொல்லையைப் போர்வீரர்களின் மன அதிர்ச்சி நோய் என்று அடையாளம் கண்டது. அதை ஏற்கலாமா?

மருந்துரல்:
அதே வகைதான். உள்ளங்கைக்குள் அடங்கும் பலகை, பாதிக்கு மேல் உடைந்துபோயிற்று. விளக்கு வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் மட்டும் தெரியும் மெல்லிய கோடுகள்: கைகட்டிய தாடிக்காரர் ஒருவர், கயிற்றைப் பிடித்து இழுத்துப் போகும் பெண். எழுத்துப் பக்கத்தில் செய்முறை இருக்கிறது. ஆண் உருவம் ஒன்று, பெண் உருவம் ஒன்று. ஆணுக்கு அன்றாட உடையும் வழிச்சாப்பாடும். பெண்ணுக்கு 4 சிவப்பு ஆடை, ஊதாத் துணி, பொன் ஊசி, கட்டில், நாற்காலி, பாய், சீப்பு, குப்பி. சூரியன் உதிக்கும்போது பீர் நிறைத்த இரண்டு கலங்களை வைத்து, சூரியக் கடவுள் ஷமாஷிடம் ஒப்படைக்க வேண்டும். கடைசி வரி: திரும்பிப் பார்க்காதே. துணையில்லாமல் அலைகிற எதெம்முவுக்குக் குடித்தனம் அமைத்துக் கொடுத்து அனுப்புகிறார்கள். செய்தித்தாள்கள் "பேயோட்டும் பலகை" என்று எழுதின. சீர்வரிசைப் பட்டியலை ஒருவரும் கவனிக்கவில்லை.

மன அதிர்ச்சி விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. பலகைகள் நோயாளியின் தொழிலைச் சொல்வதில்லை. பொட்டு வலியோடு வந்தவன் போர்வீரனா குயவனா என்று தெரியாமல் போர்க்களத்தை உள்ளே கொண்டுவர முடியாது. இறந்தவர் அடிக்கடி கண்ணில் படுவது பெரிய துயரம் என்று அவர்கள் அறிந்திருந்தார்கள், அதற்கு மருந்தும் வைத்திருந்தார்கள். அந்த அளவில் நிறுத்துவதே நேர்மை.

ஒன்றை விட்டுவிட்டேன். நோய் வந்தால் குடும்ப எதெம்முக்களிடமே போய் முறையிடும் சடங்கும் இருக்கிறது. அப்பா, தாத்தா, அம்மா, பாட்டி, அண்ணன், அக்கா, மண்ணுக்குள் தூங்கும் உறவெல்லாம் வாருங்கள். உங்களுக்குக் கிஸ்பு படைத்தேன், தண்ணீர் ஊற்றினேன். என்னைப் பிடித்திருக்கும் இந்தத் தீமையை உங்களோடு கீழே கூட்டிப் போங்கள் என்று வேண்டுவார்கள். எதெம்மு என்றாலே பயம் என்பவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

கீழ்த்திசை:
அரசர்கள் இதை ஆயுதமாகவே எடுத்தார்கள். ஹம்முராபியின் சட்டக்கல் முடிவுரையில், கல்லைச் சிதைப்பவனுக்கு ஷமாஷ் கொடுக்க வேண்டிய தண்டனை: மேலே உயிரோடிருப்பவரிடையே அவன் வேர் அறுபடட்டும், கீழே அவன் எதெம்மு தண்ணீருக்கு ஏங்கட்டும். கல்லில் இருந்தது சாபம். கி.மு. 647 வாக்கில் அசீரிய மன்னன் அசுர்பனிபால், ஏலாம் நாட்டின் (இன்றைய தென்மேற்கு ஈரான்) சூசா நகரில் அதைச் செயலில் காட்டினான். ஏலாம் மன்னர்களின் கல்லறைகளை இடித்து, வெயில் படத் திறந்து, எலும்புகளை அசீரியாவுக்கு அள்ளிப் போனான். அவர்கள் எதெம்முக்களுக்கு அமைதி இல்லாமல் செய்தேன், கிஸ்புவையும் தண்ணீரையும் நிறுத்தினேன் என்று அவனே எழுதி வைத்திருக்கிறான். அசீரியத் தலைநகர் நினிவேயின் வாயிலில், தன்னை எதிர்த்த நிப்பூர் ஆளுநர் நபு-ஷும்-எரேஷின் எலும்புகளை அவனுடைய மகன்களையே நொறுக்க வைத்தான். தண்ணீர் ஊற்ற வேண்டிய கைகள் அவை.

இந்த அச்சம் தெரிந்தவன் பாபிலோன் மன்னன் மர்துக்-அப்லா-இத்தினா. அசீரிய மன்னன் சென்னாகெரிப்பிடமிருந்து தப்பிக் கடல் கடந்து ஓடும்போது முன்னோர் எலும்புகளைக் கல்லறைகளிலிருந்து எடுத்துக்கொண்டே போனான். வெற்றி பெற்றவர்களுக்கும் இதிலிருந்து விலக்கு இல்லை. அசீரிய மன்னன் இரண்டாம் சார்கோன் கி.மு. 705இல் அனத்தோலியாவில் (இன்றைய துருக்கி) போரில் செத்தான், உடல் கிடைக்கவில்லை. அவன் கட்டிய புதுத் தலைநகர் துர்-ஷர்ருகின் கைவிடப்பட்டது. மகன் சென்னாகெரிப் நினிவேக்குப் போனான். தந்தை செய்த பாவம் என்னவென்று ஆட்டின் ஈரல் பார்த்துக் கேட்டதாக ஒரு பலகை இருக்கிறது.

சுடுமண்:
கீழ்த்திசை சொன்ன சார்கோனின் மனைவி அதாலியா வேறொரு வகையில் இந்தக் கதைக்குள் வருகிறாள். 1989இல் அசீரியாவின் பழைய தலைநகர் நிம்ருத்தில், அரண்மனைத் தரைக்குக் கீழே அரசி யாபாவின் கல்லறை கிடைத்தது. சாபக் கல்வெட்டும் உடன் இருந்தது. என்னோடு வேறு யாரையும் வைக்காதே. வைத்தால் உன் ஆவி மேலே வெயிலில் தாகத்தோடு அலையும், கீழே தண்ணீர், பீர், திராட்சை மது, மாவு எதுவும் கிடைக்காது. கல்பெட்டியைத் திறந்தால் உள்ளே இரண்டு பெண்கள். அதாலியாவின் பெயர் பொறித்த பொருள்களும் இருந்தன. எழுத்து தெரிந்த அரண்மனையில், சாபக்கல் பக்கத்திலேயே இருக்க, இரண்டாவது உடலை வைத்திருக்கிறார்கள். நூல்களில் உள்ள நம்பிக்கைக்கும் அடக்கத்தன்று வந்த நெருக்கடிக்கும் இடையில் எவ்வளவு தூரம் இருந்தது என்று இங்கே அளக்கலாம்.

பனையோலை:
எதெம்முவைக் கூப்பிட்டுக் குறி கேட்கும் வழக்கம்?

நாணற்கோல்:
இருந்தது. அனத்தோலியாவின் கானேஷ் நகரில் வணிகம் செய்த இம்தி-இலுமுக்கு, அசீரியாவின் அசூர் நகரிலிருந்து பெண்கள் எழுதிய கடிதம் (கி.மு. 19ஆம் நூற்றாண்டு): கனாப்பலன் சொல்பவளிடமும் குறிகாரியிடமும் எதெம்முக்களிடமும் கேட்டோம், நீ வெள்ளிமேல் ஆசை வைத்து உயிரை அலட்சியம் செய்கிறாய் என்று அசூர் கடவுள் எச்சரிக்கிறார். அசீரிய மன்னன் எசர்ஹத்தோனுக்கு வந்த ஒரு கடிதத்தில், இறந்த அரசியின் எதெம்மு பட்டத்து இளவரசன் அசுர்பனிபாலை வாழ்த்துகிறது, அவன் அதற்குக் காட்டிய மரியாதைக்கு ஈடாக.

செய்முறைப் பலகைகள் குறைவு. கண்ணில் மை பூசிக்கொண்டு எதெம்முவைப் பார்த்துப் பேசுவது ஒன்று. பாம்புக் கொழுப்பு, சிங்கக் கொழுப்பு, நண்டுக் கொழுப்பு, வெள்ளைத் தேன், நாய்மயிர், பூனைமயிர், நரிமயிர் எல்லாம் அந்த மையில் சேரும். மண்டையோட்டைப் பேச வைப்பது மற்றொன்று. இவற்றோடு, வந்ததால் விளையும் கேட்டைத் தடுக்கும் பரிகாரமும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். கூப்பிடுவதைவிடத் திருப்பி அனுப்புவதே கடினம்.

வழித்துணை:
எல்லோருக்கும் நன்றி. இப்போதைக்கு இப்படி வைக்கப் பார்க்கிறேன்: தெரிந்தவர்களாக வரும்போது "இறந்தோர்" அல்லது உறவுப் பெயர், பெயரில்லாமல் அலையும்போது "ஆவி", உதுக்கு, லமாஷ்து அப்படியே. "பிதுர்" என்றால் சிராத்தம், தர்ப்பணம் எல்லாம் கூடவே வந்துவிடும், அதனால் தவிர்க்கிறேன். கிஸ்பு "பிய்த்துப் படைப்பது". சரிதானா?

நாணற்கோல்:
சரி. ஒரே ஓர் இடத்தில் மட்டும் கவனம். இஷ்தார் தேவி கீழுலகம் போன பாட்டின் தொடக்கத்தில், கதவைத் திறக்காவிட்டால் இறந்தோரை எழுப்பி உயிரோடிருப்பவரைத் தின்ன வைப்பேன் என்று அவள் மிரட்டுகிறாள். கடைசி வரியில், அவள் கணவன் தும்முசி மேலே வரும் நாளில் இறந்தோரும் ஏறி வந்து தூபத்தை முகர்ந்து போகட்டும் என்று இருக்கிறது. இரண்டு இடத்திலும் அக்காடியச் சொல் "மீதூத்தி", இறந்தோர். அங்கே ஒன்றை "ஆவிகள்" என்றும் மற்றதை "இறந்தோர்" என்றும் மாற்றாதீர்கள். தின்ன வருபவர்களும் முகர்ந்துவிட்டுப் போகிறவர்களும் ஒரே ஆட்கள்.